மலையகத்தில் வாத்து வளர்க்கப் போகிறீர்களா? முதலில் கூட்டைக் கட்டுங்கள்

மூன்று வருஷத்தில் ஏழு வாத்துகளைப் பறிகொடுத்தேன். இரண்டு குஞ்சுகள் குளிரில் போயின. மூன்றை நாய்கள் இழுத்துக்கொண்டு போயின. ஒன்று கம்பித் துண்டை விழுங்கியது. இன்னொன்று பூஞ்சணம் பிடித்த புண்ணாக்கைத் தின்றது. ஏழுமே தடுத்திருக்கக்கூடிய சாவுகள். தடுக்கும் வழி எனக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கவில்லை, சொல்லித்தரவும் ஆள் இருக்கவில்லை. தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்தில், ஏழு பேர்ச்சஸ் காணியில், இப்போது நான்கு வாத்துகள் நல்ல சுகமாக இருக்கின்றன. அந்த ஏழு போனதில் நான் கற்றதை எல்லாம் இங்கே எழுதுகிறேன்.

வாத்து என்று நான் சொல்வது தாராவை இல்லை. கழுத்து நீண்டு, புது ஆளைக் கண்டால் தலையைத் தாழ்த்திச் சீறிக்கொண்டு வருமே, அந்தப் பெரிய பறவை.

வீட்டுக்குக் காவல் என்று சொல்லித்தான் வாத்தை விற்பார்கள். பொய் இல்லை. ராத்திரி முற்றத்தில் பூனை நடந்தாலும் கத்தி ஊரைக் கூட்டும். ஆனால் கத்துவதோடு அதன் பலம் முடிந்துவிடும். கோழி மாதிரி கூரைக்கோ மரத்துக்கோ ஏறித் தப்பாது, தரையில்தான் படுக்கும். நாய் வந்தால் அதற்கு இருக்கும் ஒரே துணை நாம் பூட்டிய கதவு.

1. வாங்குவதற்கு முன்பே பேச வேண்டியவர்கள்

முதலில் பக்கத்து வீடுகள். லயத்தில் இருந்தால் சுவருக்கு அந்தப் பக்கம் படுத்திருப்பவருக்கும் அந்தச் சத்தம்தான். விடியற்காலை நாலரை மணிக்கே ஆரம்பிக்கும். வாங்கிய பிறகு மன்னிப்புக் கேட்பதைவிட வாங்கும் முன் வீட்டுக்குப் போய், "அக்கா, இப்படி ஒரு யோசனை இருக்கு, உங்களுக்குத் தொந்தரவா இருக்குமா?" என்று கேட்டுவிடுவது நல்லது. நான் கேட்டபோது ஒரு வீட்டில் கைக்குழந்தை இருந்தது. கூட்டை மறுபக்கம் தள்ளிக் கட்டினேன். இன்றுவரை அவர்களோடு ஒரு மனஸ்தாபமும் இல்லை.

அடுத்தது காணி. உங்கள் பெயரில் உறுதி இருந்தால் சரி. தோட்டக் காணி என்றால் நிர்வாகத்திடம் கேட்டு, கூடு கட்டும் இடத்தைக் குறித்து ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சை நம்ப வேண்டாம், துரை மாறினால் பேச்சும் மாறிவிடும். நகர சபை, பிரதேச சபை எல்லைக்குள் இருப்பவர்கள் அங்கேயும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். இதற்கெல்லாம் ஒரு கிழமை, பத்து நாள் ஒதுக்குங்கள்.

ஒரு சின்னக் கோப்பு போட்டு வையுங்கள்: அந்தக் கடிதம், வாத்து வாங்கிய துண்டு, ஒவ்வொரு வாத்தின் படம், வைத்தியர் எழுதித்தந்த சீட்டு. அடுத்த வீட்டு நாய் கடித்தாலோ திருட்டுப் போனாலோ, பொலிஸில் முறைப்பாடு போட இவை வேண்டும். நாய்ச் சண்டை மாதிரி அயலவர் தகராறு மத்தியஸ்த சபைக்கும் போகலாம். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நடப்பது அது. வழக்காடி முகம் முறித்துக்கொள்வதைவிட அங்கே பேசித் தீர்ப்பது எவ்வளவோ மேல். என் கையில் படமோ துண்டோ இல்லாததால் மூன்று வாத்துக்கும் ஒரு சதமும் கிடைக்கவில்லை.

2. கூடு: காசும் நேரமும் இங்கேதான் போக வேண்டும்

என் முதல் கூட்டுக்குச் சாதாரண அறுகோணக் கோழி வலைதான் அடித்திருந்தேன். ஒரு காலையில் போய்ப் பார்த்தால் கீழ்ப்பக்கம் ஓரடி அளவுக்கு வலை உள்ளே மடிந்து கிடந்தது. அறுந்த கம்பி முனைகளில் வெள்ளைத் தூவி ஒட்டியிருந்தது. கான் வழியாக இறகு கோடு போட்ட மாதிரி தேயிலைக்குள் போனது. கோழி வலை கோழியை உள்ளே வைக்கும், நாயை வெளியே வைக்காது. நாய் பல்லால் கடித்து இழுத்தால் அந்த மெல்லிய கம்பி பிரிந்துவிடும்.

ஹார்ட்வெயார் கடையில் வெல்ட் மெஷ் என்று கேளுங்கள். கட்டம் அரை அங்குலம் இருக்க வேண்டும். மேலே ஒரு அங்குலக் கட்டம் போட்டாலும் பரவாயில்லை, தரையிலிருந்து மூன்று அடி வரை அரை அங்குலம்தான். பெரிய கட்டமாக இருந்தால் கீரியும் மரநாயும் நுழைய வழி தேடும், எலி குஞ்சைக் கடிக்கும். ஆணி அடித்து மடக்குவது போதாது. மேலே பலகைச் சட்டம் வைத்து, மெஷ்ஷைத் தூணுக்கும் சட்டத்துக்கும் நடுவில் இறுக்கித் திருகாணி போடுங்கள்.

நாய் மண்ணைத் தோண்டி வரும். அதனால் மெஷ்ஷின் அடிப்பாகத்தை வெளிப்பக்கமாக இரண்டடி மடக்கித் தரையோடு படுக்க வைத்து, மேலே கல்லும் மண்ணும் போடுங்கள். சுவரோரம் தோண்ட வரும் நாய் அந்த மெஷ் மேலேயே நின்று தோண்டும், நகம் கம்பியில் மாட்டும், விட்டுவிட்டுப் போய்விடும். ஆழமாகப் புதைப்பதைவிட இது சுலபம். கல் நிறைந்த நம் மண்ணில் இரண்டடி தோண்டவே ஒரு நாள் பிடிக்கும்.

அளவு: நான்கு வாத்துக்கு எட்டடிக்கு ஆறடி போதும். உயரம் ஐந்தடிக்குக் குறையக்கூடாது. கூட்டிப் பெருக்க நாம் உள்ளே போகவேண்டும். குனிந்து கை எட்டாத கூட்டை யாரும் ஒழுங்காகக் கழுவ மாட்டார்கள். கம்பு, பரண் எதுவும் வேண்டாம், வாத்து தரையில்தான் தூங்கும். சீமெந்துத் தரை போட்டால் மேலே காய்ந்த மானாப் புல், மரத்தூள் என்று நான்கு விரல் தடிப்புக்குப் பரப்புங்கள். வெறும் சீமெந்தில் நின்றால் பாதத்தில் கொப்புளம் வைத்துச் சீழ் பிடிக்கும்.

மலையகத்துக்கே உரிய மூன்று விஷயம் இருக்கிறது.

முதலாவது காற்று. மே கடைசியிலிருந்து செப்டெம்பர் வரை தென்மேற்குக் காற்றும் மழையும் எங்கள் பக்கம் விடாது. கதவையும் திறந்த மெஷ் பக்கத்தையும் கிழக்குப் பார்த்து வையுங்கள், மேற்குப் பக்கத்தைத் தகரத்தால் முழுக்க அடைத்துவிடுங்கள். கூரைத் தகரத்தைக் கம்பியால் தூணோடு கட்டுங்கள். மேலே கல் வைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள், அந்தக் கல்லே ஒரு நாள் உள்ளே விழும். அதற்காக நான்கு பக்கமும் மூடியும் விடாதீர்கள். எச்சத்திலிருந்து வரும் காரநெடி கண்ணையும் நெஞ்சையும் கெடுக்கும். கூரைக்குக் கீழே ஒரு சாண் மெஷ் இடைவெளி கட்டாயம்.

இரண்டாவது மேலிருந்து வரும் தண்ணீர். கூட்டின் மேட்டுப் பக்கம் ஒரு அடி ஆழத்துக்குக் கான் வெட்டுங்கள். இல்லாவிட்டால் ஒரே மழையில் பரப்பிய புல் எல்லாம் சேறாகிவிடும்.

மூன்றாவது, இடம் எடுப்பதற்காக மண்மேட்டைச் செங்குத்தாக வெட்டாதீர்கள். மண்சரிவு எப்படி வரும் என்று நம்மவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

கதவு கடைசி. கொண்டியை நாய் மூக்கால் தூக்கிவிடும், நானே கண்ணால் பார்த்தேன். ஒரு தாழ்ப்பாள், அதற்கு மேல் ஒரு பூட்டு. பூட்டு மனிதருக்காக. நத்தார், வருஷப்பிறப்பு நெருங்கும் கிழமைகளில் வாத்தும் ஆடும் காணாமல் போவது எல்லாத் தோட்டத்திலும் உண்டு. கதவுக்கும் தரைக்கும் நடுவில் கைமுட்டி நுழையக்கூடாது. கைமுட்டி நுழையும் இடத்தில் கீரி நுழைந்துவிடும்.

வேலை முடிந்ததும் ஒரு காரியம் செய்ய மறக்காதீர்கள். ஒரு காந்தத்தை நூலில் கட்டிக் கூட்டுக்குள்ளும் வெளியிலும் தரையைத் தடவுங்கள். வெட்டி விழுந்த கம்பித் துண்டு, ஆணி, திருகாணி எல்லாவற்றையும் பொறுக்குங்கள். மினுங்கும் எதையும் வாத்து விழுங்கிவிடும். என் பெட்டை ஒன்று இரண்டு நாள் கழுத்தைச் சுருக்கிக்கொண்டு ஒரே இடத்தில் நின்றது, மூன்றாம் நாள் செத்தது. வயிற்றைப் பிளந்து பார்த்தபோது இரைப்பையில் ஒரு அங்குல மெஷ் கம்பி குத்தி நின்றது. நான் வெட்டிப் போட்ட கம்பிதான்.

3. வாங்கும் நாள்

ஒற்றை வாத்து வாங்காதீர்கள். கூட்டமாக வாழும் பறவை, தனியாக விட்டால் நாள் முழுக்கக் கத்தும், தின்னாது. குறைந்தது இரண்டு. ஒரு கடாவுக்கு மூன்று, நான்கு பெட்டை இருக்கலாம். சின்ன இடத்தில் இரண்டு கடா வேண்டாம். முட்டைக் காலத்தில் இரத்தம் வரும்வரை கொத்திக்கொள்ளும். சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் கடாவைத் தனியாக உலவவிடக்கூடாது, அதன் சிறகடி பலமானது.

விற்பவரின் இடத்திலேயே நடக்கவிட்டுப் பாருங்கள். நொண்டக்கூடாது, கண்ணில் நுரை இருக்கக்கூடாது, பின்புறத் தூவி எச்சம் ஒட்டாமல் இருக்க வேண்டும். சிறகு நுனி வெளிப்பக்கம் திருகி நின்றால் குஞ்சில் தீனிப் பிழை நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

உரப்பையில் போட்டு பஸ்ஸில் கொண்டுவராதீர்கள். பைக்குள் சூடேறி மூச்சு முட்டும். பெரிய அட்டைப் பெட்டியில் நான்கு பக்கமும் ஓட்டை போட்டு, அடியில் புல் போட்டு, காலை வெயில் ஏறும் முன் ஆட்டோவில் கொண்டுவாருங்கள். தூக்கும்போது காலைப் பிடித்தோ ஒற்றைச் சிறகைப் பிடித்தோ தூக்கவே கூடாது, மூட்டுக் கழன்றுவிடும். இரண்டு சிறகும் உடம்போடு சேரும் இடத்தை ஒரு கையால் அணைத்து, மறுகையை வயிற்றுக்குக் கீழே கொடுத்து, தலை நமக்குப் பின்பக்கம் பார்க்கும்படி கக்கத்தில் இடுக்குங்கள். அப்போது முகத்தில் கொத்தவும் முடியாது, உடம்பும் ஆறுதலாகத் தாங்கும்.

வந்ததும் ஒரு கிழமை கூட்டிலும் கூட்டுக்கு முன்னால் உள்ள அடைப்பிலும் மட்டும் வையுங்கள். அப்புறம்தான் வெளியே. இல்லாவிட்டால் அந்திக்குக் கூடு தேடி வராது. வீட்டில் ஏற்கெனவே கோழி, தாரா இருந்தால் புதியதை மூன்று, நான்கு கிழமை வேறாக வைத்துப் பாருங்கள்.

சரிவான காணி என்றால் ஒரு பக்கச் சிறகின் நீண்ட இறகுகளை நுனியில் கத்தரியுங்கள். சமதரையில் பறக்காத வாத்தும் மேட்டிலிருந்து காற்றோடு சிறகை விரித்தால் கீழ் லயத்துக்குப் போய்விடும். புதிதாக முளைக்கும், அடியில் இரத்தம் ஓடும் இறகை வெட்டாதீர்கள்.

4. குஞ்சு வாங்கினால் முதல் ஆறு கிழமை

புதியவர்கள் குஞ்சு வாங்காமல் மூன்று மாதம் தாண்டியதை வாங்குவது நல்லது என்பதே என் கருத்து. விலை கூடத்தான், ஆனால் நம் குளிரில் குஞ்சைக் காப்பாற்றுவது தனி வேலை.

வாங்கியே தீருவேன் என்றால் முதல் கிழமை குஞ்சு படுக்கும் இடத்தில் 32 பாகை செல்சியஸ் சூடு வேண்டும். பிறகு கிழமைக்கு 3 பாகை வீதம் குறைக்கலாம். கீழ்நாட்டில் மூன்று, நான்கு கிழமையில் விளக்கை எடுத்துவிடுவார்கள். நாம் ராத்திரியில் ஆறு கிழமையாவது வைத்திருக்க வேண்டும். என் இரண்டு குஞ்சும் செத்தது எல்ஈடி பல்பின் கீழே. வெளிச்சம் பளீரென்று இருந்தது, சூடு துளியும் இல்லை. அந்தப் பல்ப் சூடு தராது என்ற யோசனையே எனக்கு வரவில்லை. சூடு தரும் பழைய வகை பல்ப் அல்லது கோழிக்குஞ்சுக்கு என்றே விற்கும் விளக்கு வாங்குங்கள். புல்லிலிருந்து ஒன்றரை அடியாவது உயரத்தில் கம்பியால் கட்டித் தொங்கவிடுங்கள், விழுந்தால் தீப்பிடிக்கும்.

குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குவிந்து கத்தினால் குளிர். விளக்கை விட்டு ஓரத்தில் ஒதுங்கி வாய் திறந்திருந்தால் சூடு அதிகம். பரவிப் படுத்துத் தூங்கினால் சரியாக இருக்கிறது. கரண்ட் போனால் சுடுதண்ணீர்ப் போத்தலைத் துணியில் சுற்றி வையுங்கள். மூடிய அறைக்குள் கரிச்சட்டி மட்டும் வைக்காதீர்கள். அந்தப் புகை கண்ணுக்குத் தெரியாது, குஞ்சையும் கொல்லும், அந்த அறையில் தூங்கும் மனிதரையும் கொல்லும்.

தாய் இல்லாத குஞ்சை ஐந்து, ஆறு கிழமைக்கு முன் நீந்தவிடாதீர்கள். தாய் வளர்க்கும் குஞ்சுக்குத் தாயின் தூவியிலிருந்து எண்ணெய் ஒட்டும். நாம் வளர்ப்பதற்கு அது இல்லை, நனைந்து விறைத்துவிடும்.

தீனியில் இரண்டு பொறி இருக்கிறது. கோழிக்குஞ்சுத் தீனியில் நயாசின் என்ற விட்டமின் வாத்துக் குஞ்சுக்குப் போதாது, கால் வளைந்து நடக்க முடியாமல் போகும். சில தீனிகளில் கலந்திருக்கும் கழிச்சல் தடுப்பு மருந்து நீர்ப்பறவைக்கு ஆகாது. பையின் சீட்டைப் படியுங்கள், மருந்து கலக்காததை வாங்குங்கள், நயாசினுக்கு மிருக வைத்தியரிடம் அளவு கேளுங்கள். மூன்று கிழமைக்குப் பிறகு சத்துத் தீனியைக் குறைத்துப் புல்லைக் கூட்டுங்கள். வேகமாக உடம்பு வைத்தால்தான் அந்தச் சிறகு திருகும் கோளாறு வரும்.

5. எதைத் தின்னலாம், எது கொல்லும்

வாத்துக்குப் புல்தான் சோறு. இளம், குட்டைப் புல். முற்றிய மானாவை நீளமாக வெட்டிப் போட்டால் தொண்டைப் பையில் பந்தாகச் சுருண்டு அடைக்கும். கூடவே ஆற்று மணல் ஒரு சட்டியில் எப்போதும் இருக்க வேண்டும். பல் இல்லாத பறவை அதை வைத்துத்தான் அரைக்கிறது.

நம் தோட்டங்களில் பெரிய ஆபத்து மருந்தடிப்பு. கான் ஓரத்துக்கும் தேயிலைக்கும் புல்மருந்து அடிக்கும் நாட்களைக் கணக்கப்பிள்ளையிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அடித்த பக்கம் வாத்தை விடாதீர்கள். மரக்கறித் தோட்டக்காரர்களிடம் எலி மருந்து வைக்கும் இடத்தையும் கேளுங்கள்.

ஆனைக்கொய்யா, அதாவது பட்டர்புரூட், எல்லா வீட்டுக் கொல்லையிலும் உண்டு. அதன் இலை, தோல், கொட்டை எல்லாமே பறவைக்கு விஷம். மரத்தடியில் விழுந்ததைத் தினமும் பொறுக்குங்கள். அரளி, பூந்தோட்டத்து அசேலியா, பச்சை பிடித்த உருளைக்கிழங்கும் அதன் இலையும் அப்படித்தான்.

புண்ணாக்கும் தவிடும் நம் ஈரத்தில் ஒரு மாதம் தாங்காது. மூடியுள்ள வாளியில், பலகை மேல் வையுங்கள். மூட்டையாக வாங்கினால் மலிவு என்று நானும் வாங்கினேன். நீலம் பாய்ந்த கட்டியைத் தட்டி எடுத்துவிட்டு மீதியைப் போட்டேன். அதில்தான் ஒன்று போனது. நாற்றமோ நிறமோ மாறினால் மூட்டையோடு வீசிவிடுங்கள். பூஞ்சணம் பிடித்த பாணுக்கும் இதே சட்டம்.

6. தண்ணீர்

குளம் தேவையில்லை. ஆனால் தலையை முழுக்க முக்கி எடுக்கும் ஆழம் வேண்டும், அப்படித்தான் கண்ணையும் மூக்கையும் கழுவிக்கொள்ளும். அகலமான பேசின் போதும். தினமும் கொட்டி மாற்றுங்கள். பழைய தண்ணீரில் நோய் வரும், நுளம்பும் பெருகும். 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புச் சட்டத்தின்படி வளவில் நுளம்பு பெருக விட்டால் உங்கள் மேல் வழக்குப் போடலாம். கழுவிய தண்ணீரைப் பீலிக்கரைப் பக்கம் விடாதீர்கள், நாலு வீடு குடிக்கும் தண்ணீர் அது.

7. வைத்தியர்

அரச மிருக வைத்திய அலுவலகத்தை வாத்து வாங்கும் முன்பே போய்ப் பார்த்து, தொலைபேசி எண்ணையும் வைத்தியர் இருக்கும் நேரத்தையும் எழுதிவையுங்கள். பூச்சி மருந்து அளவை அவர்களிடமே கேளுங்கள். வாத்து நோயை நன்றாக மறைக்கும், படுத்துவிட்டது என்றால் முற்றிவிட்டது. தீனிக்கு முதலில் ஓடிவருவது இன்று கடைசியாக வந்தால் அன்றே கவனியுங்கள். பல பறவைகள் சட்டென்று ஒன்றாகச் செத்தால் கையால் தொடாமல், கறி ஆக்காமல், உடனே அந்த அலுவலகத்துக்குச் சொல்லுங்கள்.

8. செலவு

நான் இரண்டாவது கூடு கட்டியபோது மெஷ்ஷுக்கு 19,000 ரூபா, மரத்துக்கும் தூணுக்கும் 12,000, மேசன் பாஸுக்கு இரண்டு நாள் கூலி 9,000, சீமெந்து, திருகாணி, பூட்டு எல்லாம் 6,000, மொத்தம் 46,000 ரூபா போனது. கூரைத் தகரம் பழையது, சும்மா கிடைத்தது. உங்கள் ஊரில் விலை கூடிக் குறையும், ஆனால் மெஷ்தான் பெரிய செலவு என்பது மாறாது. அதில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். மரம் பழசாக இருக்கலாம், கதவு பழசாக இருக்கலாம்.

தீனி, புல் கிடைக்கும் காலத்தில் ஒரு வாத்துக்கு நாளைக்கு 150 கிராம் போதும். நான்குக்கு மாதம் 18 கிலோ. கட்டி முடிக்க எனக்கு மூன்று கிழமை எடுத்தது, இடையில் மழை. மார்ச்சில் ஆரம்பித்தால் காற்றுக் காலத்துக்கு முன் முடித்துவிடலாம்.

9. அந்தியும் ராத்திரியும்

ஐந்தே முக்காலுக்குத் தீனி வாளியைத் தட்டி உள்ளே கூப்பிடுங்கள். தீனியை எப்போதும் கூட்டுக்குள்ளேயே வையுங்கள், பத்து நாளில் அதுவே வரிசையாக வரும். எண்ணிப் பாருங்கள், பூட்டுங்கள். மிஞ்சிய தீனியை எடுத்துவிடுங்கள், அது எலியைக் கூப்பிடும். நாய்கள் எனக்குச் செய்த மூன்று சேதமும் நான் கல்யாண வீட்டிலிருந்து பிந்தி வந்த நாட்களில் நடந்தவை. வெளியே போகும் நாளில் மூன்று மணிக்கே அடைத்துவிட்டுப் போங்கள்.

சிறுத்தை நடமாடும் இடங்களில் இன்னும் கவனம் வேண்டும். பெரும்பாலும் நாயைத் தேடித்தான் அது லயத்துப் பக்கம் வரும், வாத்தும் அதற்கு இரைதான். கூட்டைச் சுற்றிப் பத்தடிக்குப் புதரை வெட்டிவிடுங்கள், மறைவு இல்லாவிட்டால் நெருங்கத் தயங்கும். சுருக்குக் கம்பி மட்டும் வைக்காதீர்கள். 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் ஒரு கருஞ்சிறுத்தை அப்படிச் சுருக்கில் மாட்டித்தான் சில நாட்களில் செத்தது. சிறுத்தையும் மீன்பிடிப் பூனையும் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. வேலியில் வீட்டுக் கரண்டைக் கொடுப்பது இன்னும் மோசம், முதலில் சாவது வீட்டுப் பிள்ளையாக இருக்கும். கால்தடம் கண்டால் வனசீவராசிகள் திணைக்களத்துக்கு 1992 என்ற இலக்கத்தில் சொல்லுங்கள்.

ராத்திரி வாத்து கத்தினால் டோர்ச்சோடு உடனே வெளியே ஓடாதீர்கள். முதலில் வெளி விளக்கைப் போடுங்கள். ஜன்னல் வழியாகப் பாருங்கள். தகரத்தில் கம்பால் தட்டிச் சத்தம் போடுங்கள். இரண்டு நிமிஷம் பொறுங்கள். கூட்டில் பூட்டு இருந்தால் அந்த இரண்டு நிமிஷத்தில் உள்ளே ஒன்றும் ஆகாது. அப்புறம் தனியாகப் போகாமல் இன்னொருவரைக் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள். காலையில் மறக்காமல் கூட்டைச் சுற்றி நடந்து மெஷ்ஷின் ஒவ்வொரு ஓரத்தையும் கையால் இழுத்துப் பாருங்கள். வந்தது எதுவாக இருந்தாலும் மறுநாள் ராத்திரியும் அதே இடத்துக்குத்தான் வரும்.